டேங்கின் அடியில் தங்கிய நீர்: மிஸ்ஃபயர் ஆன ஒரு பெட்ரோல் காரைச் சோதித்த பதிவு

நண்பர் ஒருவரின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், மாலையில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வீடு வந்து சேரும் வரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. மறுநாள் காலை நெடுநேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆனது. ஆனதும் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, உதறியது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுக்காமல் திக்கியது, இன்ஜின் எச்சரிக்கை விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தது. இந்த விளக்கு நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். மின்னினால், எரியாத எரிபொருள் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பழுதாக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் பற்றாமல் போவது, நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எனவே வண்டியை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், கட்டி இழுத்து வாருங்கள் என்று சொன்னேன்.

வண்டி வந்ததும், அதன் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். பி0300 என்ற பொதுவான மிஸ்ஃபயர் குறியீடு, இரண்டாவது மூன்றாவது சிலிண்டர்களுக்கான பி0302, பி0303, அவற்றுடன் கலவையில் எரிபொருள் குறைவு என்னும் பி0171 ஆகியவை பதிவாகியிருந்தன. குறியீடுகளை அழிப்பதற்கு முன் அவை பதிவான கணத்தின் விவரங்களை, அதாவது இன்ஜின் வெப்பநிலை, சுற்று வேகம், பளு, எரிபொருள் திருத்த அளவு (வழக்கமான அளவிலிருந்து கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அழித்துவிட்டால் அந்தச் சாட்சியம் திரும்பக் கிடைக்காது. எல்லாமே இன்ஜின் சூடேறும் முன், குறைந்த வேகத்தில் பதிவாகியிருந்தன.

இந்தக் குறியீடுகள் எதுவும் "பெட்ரோல் சரியில்லை" என்று சொல்வதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். சாதாரண பெட்ரோல் காரின் கணினி, டேங்கில் இருப்பது பெட்ரோல்தான் என்று எடுத்துக்கொண்டே எல்லாக் கணக்கையும் போடுகிறது. வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிகுந்திருந்தால் எரிபொருள் போதவில்லை என்று முடிவு செய்து, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சற்றுக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். அதுவும் போதாதபோது பி0171 எழுதும். மேலும், ஒரு சிலிண்டர் பற்றாமல் போனால் அதற்குள் போன காற்று அப்படியே வெளியேறுவதால், எரிபொருள் மிகுந்து பற்றாமல் போனாலும்கூட ஆக்சிஜன் சென்சார் "குறைவு" என்றே காட்டும். பி0171 கண்டவுடன் காற்றளவு சென்சாரையும் ஆக்சிஜன் சென்சாரையும் பம்பையும் வரிசையாக மாற்றிக்கொண்டே போகும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அந்தச் செலவில் பாதிக்கு மேல் ஒரு கண்ணாடிக் குடுவையால் தவிர்க்கக்கூடியது என்பது என் கருத்து.

ஆனாலும் எடுத்த எடுப்பில் பெட்ரோலைக் குற்றம் சொல்வதும் முறையன்று. பிளக்குக்கு மின்பொறி தரும் இக்னிஷன் காயிலை இரண்டாவது சிலிண்டரிலிருந்து கழற்றி முதலாவதில் மாட்டினேன். மிஸ்ஃபயர் காயிலோடு இடம் மாறவில்லை. ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை சில நிமிடம் இரண்டாவதில் ஏறியது, சில நிமிடம் மூன்றாவதில் ஏறியது, இடையில் நான்காவதிலும் எட்டிப் பார்த்தது. ஒரு காயிலோ ஒரு பிளக்கோ பழுதானால் கோளாறு ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். இப்படி அலைவது எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒன்றைச் சுட்டுகிறது. பிளக்குகளைக் கழற்றியபோது நான்கும் ஈரமாக இருந்தன. பீங்கான் பகுதியில் கரி படியாமல் கழுவி விட்டாற்போல் வெளுத்திருந்தது. விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பெட்ரோல் வாடையைக் காட்டிலும் ஸ்பிரிட் வாடை தூக்கலாக இருந்தது. டீசல் கலந்திருந்தால் பிளக் முனையில் கருமையும் வழவழப்பும் இருந்திருக்கும். முதல் ஐயம் எனக்கு இங்கேதான் எழுந்தது.

அடுத்து எரிபொருள் திருத்த அளவுகளைப் பார்த்தேன். நீண்டகாலத் திருத்தம் ஐடிலிங்கில் கூட்டல் 22 சதவீதம், நிமிடத்துக்கு 2500 சுற்றில் 23, மிதமான பளுவில் 24. நல்ல நிலையில் உள்ள வண்டியில் இது கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் நிற்கும்; பெரும்பாலான வண்டிகளில் 25 சதவீதத்தை ஒட்டி எல்லை வைக்கப்பட்டிருக்கும். இங்கே எண்ணின் அளவைவிட அது மாறாமல் இருந்ததே முக்கியம். இன்டேக் குழாயில் எங்காவது காற்றுக் கசிவு இருந்தால் ஐடிலிங்கில் திருத்தம் மிகுந்து, சுற்று ஏற ஏறக் குறையும். ஏனென்றால் கசிவால் நுழையும் காற்று பெரிதாக மாறுவதில்லை, ஆனால் மொத்தக் காற்று பல மடங்கு கூடுகிறது. பம்ப் தளர்ந்தோ ஃபில்டர் அடைத்தோ இருந்தால் ஐடிலிங்கில் சரியாக இருந்து, பளு கூடும்போது திருத்தம் ஏறும். எல்லா நிலையிலும் ஒரே அளவு பற்றாக்குறை என்றால், கணினி எண்ணிக்கொண்டிருக்கும் திரவம் வேறு, இன்ஜெக்டர் தெளிக்கும் திரவம் வேறு என்னும் வாய்ப்பு வலுக்கிறது. காற்றளவு சென்சார் தவறான அளவு சொன்னாலும் இப்படித் தோன்றக்கூடும் என்பதால், அதன் அளவை இன்ஜின் கொள்ளளவோடும் சுற்று வேகத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்து அதை விலக்கினேன்.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிட்டுத் தரும் குழாயான பியூயல் ரெயிலில் அழுத்தமானி மாட்டியபோது, இந்த வண்டிக்குக் குறிக்கப்பட்ட 3.5 பார் அழுத்தம் அசையாமல் நின்றது. இன்ஜினை அணைத்த பிறகும் உடனே இறங்கவில்லை. பம்பும் ரெகுலேட்டரும் நன்றாக உள்ளன என்பதற்கு இது சான்று. பெட்ரோல் நன்றாக உள்ளது என்பதற்கு அன்று. பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் பம்ப் அதே 3.5 பாரைக் காட்டும்.

இனி மாதிரி எடுக்க வேண்டியதுதான். அதை எங்கே எடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெட்ரோல் நிரப்பும் வாய் வழியாகச் சிறு குழாயை விட்டு மேலிருந்து உறிஞ்சி, "பார், பளிச்சென்று இருக்கிறது" என்று காட்டுவார்கள். நீரின் அடர்த்தி 1.0; பெட்ரோலின் அடர்த்தி ஏறத்தாழ 0.72 முதல் 0.775 வரை. கனமானது அடியில் தங்கும். பம்பின் உறிஞ்சு வாயும் அடியில்தான் இருக்கிறது. ஆகவே இன்ஜின் குடிப்பது மேலே தெரியும் பெட்ரோலை அன்று, அடியில் கிடப்பதை. இன்ஜினுக்குப் போய்ச் சேரும் திரவத்தை, அது போய்ச் சேரும் இடத்திலேயே, அதாவது ரெயிலின் வாயிலேயே பிடிக்க வேண்டும்.

இந்த வேலையில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து தொலைவில் உள்ள தீப்பொறியையும் தேடிப் போகும். எனவே திறந்தவெளியில், குழியின் மேல் அல்லாமல் சமதரையில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பொடி வகைத் தீயணைப்பானைக் கைக்கு எட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு தொடங்கினேன். பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும் வரை சுற்றவிட்டால் குழாயில் உள்ள அழுத்தம் இறங்கும். பிறகு ரெயில் இணைப்பைத் துணி சுற்றிக் கழற்றி, எரிபொருளுக்கான குழாயை மாட்டி, பம்ப் ரிலேயின் 30, 87 ஆகிய முனைகளை ஃபியூஸ் உள்ள கம்பியால் இணைத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கண்ணாடிக் குடுவையில் ஒரு லிட்டர் பிடித்தேன். மின் இணைப்பு கொடுக்கும் இடமும் பெட்ரோல் விழும் இடமும் வண்டியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்வது நல்லது.

குடுவையில் விழும்போது அது லேசாகக் கலங்கியிருந்தது. பத்து நிமிடம் அசையாமல் வைத்ததும் இரண்டாகப் பிரிந்தது. மேலே இளமஞ்சள் நிறத்தில் தெளிந்த பெட்ரோல். கீழே நிறமே இல்லாத, அதைவிடப் பளிச்சென்ற இன்னொரு திரவம். நடுவே கண்ணாடித் தகடு வைத்தாற்போல் ஒரு கோடு. சாய்த்தால் கோடும் சாய்ந்து, நிமிர்த்தினால் சிறிது தளும்பி நின்றது. அடியில் நுண்ணிய மண் துகள்கள் சில கிடந்தன. ஒரு லிட்டரில் கால் பங்கு இந்தக் கீழ்த்திரவம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காவிட்டால், அவசரத்தில் எல்லாமே நல்ல பெட்ரோல் என்று தோன்றிவிடும் அளவுக்கு இரண்டும் தெளிவாகவே இருந்தன. அதனால்தான் பிடித்தவுடன் பார்த்து முடிவுகட்டாமல் சற்று நேரம் தங்கவிட வேண்டும்.

கீழே உள்ளது என்ன? உணவில் சேர்க்கும் நீரில் கரையும் சிவப்புச் சாயத்தில் ஒரு துளியை விட்டேன். அது மேலடுக்கில் கரையாமல் உருண்டையாகவே இறங்கி, கோட்டைத் தாண்டியதும் புகைபோல விரிந்து கீழடுக்கை மட்டும் சிவப்பாக்கியது. ஆகவே அது நீரோ, நீரும் சாராயமும் சேர்ந்ததோ. எது என்று அறிய 20 மில்லி ஊசிக்குழலில் உறிஞ்சி, நுண் எடை காட்டும் மின் தராசில் நிறுத்தேன். வெறும் நீராக இருந்தால் 20 கிராம் இருந்திருக்கும். மேலடுக்கு 14.8 கிராம் இருந்தது; கீழடுக்கு 16.8 கிராம், அதாவது அடர்த்தி 0.84. ஊசிக்குழலின் ரப்பர் முனை பெட்ரோலில் ஊறிப் பருத்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை எடுக்க வேண்டும்.

0.84 என்பது டீசலின் அடர்த்தியும்கூட. தராசு ஒன்றை மட்டும் நம்புபவர் இங்கே வழிதவறக்கூடும். ஆனால் டீசல் எந்த விகிதத்திலும் பெட்ரோலோடு கலந்துவிடும். தனி அடுக்காகப் பிரிந்து நிற்காது, நீரில் கரையும் சாயத்தையும் ஏற்காது. எனவே கீழடுக்கு, பெட்ரோலில் சேர்க்கப்படும் சாராயமான எத்தனாலும் நீரும் சிறிது பெட்ரோலும் சேர்ந்த கலவைதான். பத்து சதவீத எத்தனால் சேர்த்த பெட்ரோல் ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். மிதமான வெப்பநிலையில் அந்த அளவு மொத்தக் கொள்ளளவில் அரை சதவீதத்தை ஒட்டியது. அதைத் தாண்டியதும் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். குளிரக் குளிர அந்தத் தாங்கும் அளவும் குறையும். டேங்கில் அப்போது சுமார் 25 லிட்டர் இருந்தது. அதற்கு 125 மில்லி நீர் போதும், ஒரு சிறிய தம்ளர் அளவுதான். மாலையில் ஒழுங்காக ஓடிய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்ததன் காரணம் இதிலேயே இருக்கிறது: நிரப்பிய வேகத்திலும் ஓட்டத்தின் குலுக்கலிலும் கலந்திருந்தது, இரவுக் குளிரில் அசையாமல் நின்றபோது பிரிந்து அடியில் போய்ப் படிந்தது.

மேலடுக்கையும் சோதித்துப் பார்த்தேன். அளவுக் கோடுகள் உள்ள 100 மில்லி குழலில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி நீரும் ஊற்றி, மூடிக் குலுக்கி, வாயுவை மெல்லத் திறந்துவிட்டு, தெளியவைத்தால், எத்தனால் நீருக்குள் இறங்கி நீரின் மட்டத்தை உயர்த்தும். நீர் 10லிருந்து 19க்கு ஏறினால் 90 மில்லியில் 9 மில்லி, அதாவது 10 சதவீத எத்தனால். கணக்கு தோராயமானதுதான், ஆனால் இந்த வேலைக்குப் போதும். மேலடுக்கில் அது 15.5 வரை மட்டுமே ஏறியது. ஏறக்குறைய 6 சதவீதம். மீதி எத்தனால் கீழே போய்விட்டது. எத்தனால் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை உயர்த்தப் பயன்படுவது என்பதால், அதை இழந்த மேலடுக்கும் முழுத் தரத்தில் இல்லை. அடியில் உள்ளதை மட்டும் வடித்துவிட்டு மேலே உள்ளதை வைத்து ஓட்டலாமா என்று நண்பர் கேட்டதற்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

கணினி ஏன் தோற்றது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; எத்தனாலுக்கு 9 கிலோ போதும்; நீருக்கு எதுவும் வேண்டாம். கீழடுக்கில் எத்தனால் 65, நீர் 20, பெட்ரோல் 15 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் அதன் அடர்த்தி தராசு சொன்னதை ஒட்டியே வருகிறது. அந்தக் கலவையின் ஒரு லிட்டருக்கு 6.2 கிலோ காற்று தேவைப்படும். நல்ல பெட்ரோலின் ஒரு லிட்டருக்கு 10.9 கிலோ. அதாவது அதே காற்றுக்கு முக்கால் பங்கு கூடுதலாகத் தெளிக்க வேண்டும். கணினிக்குக் கால் பங்கு கூட்டத்தான் அனுமதி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எத்தனாலும் நீரும் எளிதில் ஆவியாகாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், காலையில் மட்டும் நிலைமை மிக மோசமாக இருந்ததில் வியப்பில்லை.

குடுவையில் கண்டது போதும் என்று சிலர் நினைக்கலாம். பெட்ரோல் கெட்டிருப்பது உறுதி. ஆனால் அது மட்டுமே கோளாறு என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதற்கு ஒரே வழி, இன்ஜினுக்கு நம்பத்தகுந்த பெட்ரோலைத் தனியாகக் கொடுத்துப் பார்ப்பது. இதே மாடலின் பழைய பம்ப் மாட்யூல் ஒன்று என்னிடம் இருந்தது; ரெகுலேட்டர் அதிலேயே இருப்பதால் அழுத்தம் தானாகச் சரியாக வரும். மூடியில் இறுக்கமாக வழி செய்த உலோகக் கேனுக்குள் அதை நிறுத்தி, வேறு வண்டியில் சிக்கலின்றி ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோலை ஊற்றி, டேங்க் பம்பின் இணைப்பிலிருந்து நீண்ட கம்பிகள் வழியாக மின்சாரம் கொடுத்து, ரெயிலோடு இணைத்தேன். கம்பி இணைப்புகள் அனைத்தும் கேனிலிருந்து தள்ளி, பொறி வராதவாறு மூடப்பட்டிருந்தன. காயிலையும் பிளக்கையும் காட்டிலும் இந்தச் சோதனை வேலை மிகுந்தது. ஆனால் இதைப் போல் முடிவாகத் தீர்ப்புச் சொல்வது வேறொன்றுமில்லை. ரெயிலில் தங்கியிருந்த பழைய திரவம் தீரும் வரை இன்ஜின் உதறியது. பிறகு முதலாவது, இரண்டாவது, நான்காவது சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகச் சீராகி, உதறல் பெருமளவு அடங்கியது. மூன்றாவது மட்டும் இடையிடையே தவறியது. அதைப் பிறகு பார்ப்போம்.

இங்கே கண்டது நீர். வேறு கலப்பு இருந்திருந்தால் குடுவை வேறு விதமாகப் பேசியிருக்கும், சில வேளைகளில் பேசாமலும் இருந்திருக்கும். பெட்ரோலில் டீசல் கலந்தால் அடுக்குப் பிரியாது; ஆனால் ஃபில்டர் தாளில் ஒரு துளி விட்டு உலரவிட்டால், நல்ல பெட்ரோல் இரண்டொரு நிமிடத்தில் சுவடின்றி ஆவியாகிவிட, டீசல் எண்ணெய்க் கறையாகத் தங்கும். புகையில் வெண்மையும் காட்டமான வாடையும், பளுவில் தட்டும் ஒலியும் இருக்கும். மண்ணெண்ணெய் கலந்தாலும் தாளில் கறை தங்கும், ஆனால் மங்கலாக. சிறிதளவு கலந்ததை இந்த வழியில் உறுதியாகச் சொல்ல இயலாது. டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டால் கதையே வேறு: அங்கே உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு எண்ணெயும், பெட்ரோல் அந்த வழவழப்பைக் கெடுத்து உலோகத் துகள்களைப் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை அனுப்பிவிடும். ஸ்டார்ட் செய்யாமல், சாவியைக்கூடத் திருப்பாமல் டேங்கைக் காலி செய்வதே அங்கு முதல் வேலை, ஏனெனில் பல வண்டிகளில் சாவியைத் திருப்பியவுடனே டேங்க் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். குடுவைக்குச் சிறிதும் பிடிபடாத கலப்பும் உண்டு. 2007ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் ஏராளமான கார்கள் திடீரென்று உதறி இழுவை இழந்தபோது, பெட்ரோலில் சிலிக்கான் கலந்திருந்ததும், அது ஆக்சிஜன் சென்சாரின் மேல் படிந்து அதைக் குருடாக்கியதும் ஆய்வகச் சோதனையிலேயே தெரியவந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் பெட்ரோலை மாற்றினாலும் சென்சாரையும் மாற்றினால்தான் வண்டி சீராகும்.

டேங்கைக் காலி செய்யும் வேலைக்கு வருகிறேன். இக்காலக் கார்களில் நிரப்பும் வாயில் குழாய் விட முடியாதபடி தடுப்பு இருக்கும். ரெயில் வழியாகவே பம்பை ஓட்டிப் பெரும்பகுதியை வெளியே எடுத்தேன். மீதியைப் பின்னிருக்கைக்கு அடியில் உள்ள மூடியைத் திறந்து, பம்ப் மாட்யூலை வெளியே எடுத்துக் கைப்பம்பால் உறிஞ்சினேன். அதற்கு முன் மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்து எடுக்காவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் போகும். மாட்யூலின் வலைப்பையில் பழுப்பு நிறச் சகதி மெல்லியதாகப் படிந்திருந்தது. புதிய வலை போட்டேன். சில கார்களில் டேங்க் நடுவில் மேடிட்டு இரு பள்ளங்களாக இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் வடித்தால் மறுபக்கத்து நீர் அப்படியே கிடந்து சில நாளில் மறுபடி தொல்லை தரும். இந்த வண்டியில் ஒரே பள்ளம். வெளியே எடுத்ததைத் தெளியவிட்டுக் கீழடுக்கைத் தனியே அளந்தபோது ஒன்றரை லிட்டருக்கு மேல் இருந்தது. அதில் நீர் ஐந்தில் ஒரு பங்கு என்றால் கிட்டத்தட்ட 300 மில்லி. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டேன். எடுத்ததை மூடியுள்ள உலோகக் கேன்களில் ஊற்றி, அபாயக் கழிவுகளைப் பெறும் இடத்துக்கு அனுப்புவதே முறை. சாக்கடையில் ஊற்றுவதும், புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஆகும் என்று எடுத்து வைப்பதும் ஒருபோதும் கூடாது.

நீரை நீக்கும் என்று விற்கப்படும் திரவத்தை ஒரு புட்டி ஊற்றினால் இந்த வேலை எல்லாம் மிச்சமாகாதா என்ற கேள்வி எழும். அவற்றில் பெரும்பாலும் இருப்பது சாராய வகைகளில் ஒன்றுதான். எத்தனாலே இல்லாத பெட்ரோலில் சில துளி நீர் இருந்தால் அது பயன்படும். ஏற்கெனவே பத்து சதவீதம் சாராயம் இருந்தும் தாங்க முடியாமல் பிரிந்துபோன டேங்கில் இன்னொரு புட்டியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

டேங்கின் உட்புறத்தை நூல் பிரியாத துணியால் துடைத்து, பத்து லிட்டர் புதிய பெட்ரோல் ஊற்றி, அதில் ஒரு லிட்டரை ரெயில் வழியாக வெளியே ஓடவிட்டுக் குழாய்களைக் கழுவினேன். பிறகு கணினி கற்று வைத்திருந்த திருத்தங்களை ஸ்கேனரால் அழித்தேன். அழிக்காவிட்டால் கால் பங்கு கூடுதலாகத் தெளிக்கும் பழக்கத்தோடு நல்ல பெட்ரோலையும் தெளித்து, சிறிது நேரம் கரும்புகை விடும். இன்ஜின் முதல் சுற்றிலேயே பற்றியது. மூன்றாவது சிலிண்டர் மட்டும் முன்போலவே தவறிக்கொண்டிருந்தது. அதன் இன்ஜெக்டரை நான்காவதோடு இடம் மாற்றியதும் தவறுதலும் நான்காவதுக்குப் போனது. ரெயிலோடு கழற்றி, கண்ணாடிக் குப்பிகளுக்கு மேல் நிறுத்தித் தெளிக்கவிட்டுப் பார்த்தபோது, மற்ற மூன்றும் நுண்துளியாகக் கூம்பு வடிவில் தெளிக்க, இது ஒரு பக்கமாகக் கோடு போல் பீய்ச்சியது. வாயில் உள்ள சிறு வலையில் குடுவையில் கண்ட அதே மண் துகள் சிக்கியிருந்தது. வலையை மாற்றி, மீயொலித் தொட்டியில் கழுவிய பின் தெளிப்பு சீராகி, நான்கு குப்பிகளிலும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாக நின்றது.

ஆயில் குச்சியில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. வாடையும் பெட்ரோல் வாடை. பற்றாத எரிபொருள் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியதன் விளைவு இது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றினேன். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் கோடு, சூடான நிலையில் பெரிதாக ஏறி இறங்காமல் நின்றதால் கன்வெர்ட்டர் தப்பியது என்று எடுத்துக்கொண்டேன். வண்டியை ஓட்டாமல் இழுத்து வந்ததன் பயன் இது.

நீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் மிச்சம். நண்பருக்கு அதில் ஐயமே இல்லை. "பெட்ரோல் போட்ட மறுநாளே இப்படி ஆகியிருக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்றார். நியாயமான கேள்விதான். நிலத்தடித் தொட்டியில் நீர் இறங்கியிருந்தால் அன்று அங்கே நிரப்பிய எல்லா வண்டிகளும் நின்றிருக்க வேண்டும். அவரது தெருவிலேயே அதே மாலையில் அதே இடத்தில் நிரப்பிய இன்னொரு கார் சிக்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போய் ஒரு குடுவையில் வாங்கி வந்து சோதித்ததில் அடுக்குப் பிரியவில்லை, கலங்கலும் இல்லை. நீர்ச் சோதனையில் மட்டம் 19க்கு ஏறியது. ஒரு நாள் மாதிரி இன்னொரு நாளுக்குச் சாட்சியாகாது என்றாலும், வேறு இடத்தில் தேட இது போதுமான காரணம்.

நிரப்பும் வாயைச் சுற்றி உடற்கூட்டில் ஒரு குழிவு இருக்கும். அதன் அடியில் மழைநீரும் சிந்திய பெட்ரோலும் வடிய ஒரு சிறு துளையும், அதிலிருந்து கீழே போகும் மெல்லிய ரப்பர் குழாயும் இருக்கும். இந்த வண்டியில் அந்தக் குழிவின் சுவரில், மூடியின் பாதி உயரத்துக்கு, மண் படிந்த நீர்க்கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நீர் ஊற்றிப் பார்த்தேன், வடியவில்லை. அளவுக் குவளையால் ஊற்றிக்கொண்டே போனதில் அந்தக் கோடு வரை நிரம்ப 180 மில்லி பிடித்தது. மூடியின் ரப்பர் வளையம் இரண்டு இடங்களில் வெடித்திருந்தது. வண்டி மழைக்காலம் முழுவதும் கூரையின்றி வெளியில் நின்றது என்று நண்பர் சொன்னார். மழை பெய்யும்போதெல்லாம் குழிவில் நீர் தேங்கி, வெடித்த வளையத்தின் வழியே சிறிது சிறிதாக உள்ளே கசிந்து பெட்ரோலில் கரைந்திருக்கிறது. அன்று மாலை மூடியைத் திறந்தபோது, வாயின் விளிம்புக்கு மேல் தேங்கியிருந்ததும் ஒரேயடியாக உள்ளே இறங்கியிருக்கிறது. மூடியைத் திறப்பது பெட்ரோல் போடும்போது மட்டும்தான் என்பதால், பழி பெட்ரோல் போட்ட இடத்தின் மேல் விழுந்தது. டேங்கில் கண்ட 300 மில்லிக்கும் மண் துகளுக்கும் கணக்கு இதில் சரியாக வந்தது.

ரப்பர் குழாயைக் கீழிருந்து கழற்றியபோது, குளவி கட்டிய மண்கூடு அதன் வாயை முழுதாக அடைத்திருந்தது. தடித்த நைலான் நரம்பை மேலும் கீழும் விட்டு இழுத்து, நீர் பாய்ச்சிக் கழுவி, நிரப்பும் வாயை இறுக்க மூடிய நிலையில் மறுபடி 180 மில்லி ஊற்றிப் பார்த்தேன். நின்று தேங்காமல் உடனே தரையில் வடிந்தது. மூடியை வளையத்தோடு புதிதாகவே மாற்றிவிட்டோம். குளிர்ந்த இரவொன்று வெளியில் நிறுத்திவிட்டுக் காலையில் ரெயிலிலிருந்து மறுபடி ஒரு குடுவை பிடித்ததில் கோடு எதுவும் விழவில்லை. நீண்டகாலத் திருத்தம் ஐடிலிங்கில் கூட்டல் 3, பளுவில் கூட்டல் 2 சதவீதத்தில் நின்றது, மிஸ்ஃபயர் எண்ணிக்கை நான்கு சிலிண்டர்களிலும் பூஜ்யம்.